சஸ்திரமும் சம்ரட்சணையும்

விருத்தாசலம் என்றதும் யாத்திரிகனுக்கு விருத்தகிரீசுவரர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். வியாபாரிக்கோ சூளையும் பீங்கானும் நினைவுக்கு வரும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின்மேல் கனத்த படலமாகக் கிடந்த களிமண், சுரங்க வேலை தொடங்கிய 1957-க்குப் பின் வெளியே வந்து குவியக் குவிய, அதைக் கரைத்து வார்த்து மின்கம்பத்துக் குமிழ்களும் தேநீர்க் கோப்பைகளும் கொலுப் பொம்மைகளும் செய்யும் தொழில் இவ்வூரில் வேரூன்றிற்று. தொழிற்பேட்டையும் தொழில்நுட்பக் கல்விக்கூடமும் எழுந்தன. பழைய தென்னாற்காடு ஜில்லாவின் புராதன க்ஷேத்திரங்களுள் ஒன்று செராமிக் நகரம் என்ற புதுப் பெயரையும் தாங்கிக்கொண்டது. கோயிலின் சரித்திரமும் தொழிலின் சரித்திரமும் பலரால் எழுதப்பட்டவை. இவ்வூரும் இதைச் சுற்றிய கிராமங்களும் தமிழ்நாட்டின் ஏனைய ஊர்களைப் போலவே வாய்விட்டுப் பேசாமல் வைத்திருந்த வேறொரு சரித்திரமும் உண்டு. பிறவியிலேயே யோனி வழி அடைபட்டோ, உருவாகாமலோ பிறந்த பெண்பிள்ளைகளை வழக்கம் எப்படி நடத்திற்று, வைத்தியம் எப்படி நடத்திற்று என்பதே அது. இச்சரித்திரத்தில் ரணவைத்தியனின் கத்திக்கு உரிய புகழ் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. கத்திக்குப் பின் மாதக்கணக்கில் நடக்கும் சம்ரட்சணையே காரியத்தை முடித்தும் கெடுத்தும் வந்திருக்கிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வழக்கத்தைப் பார்ப்போம். பெண் பருவமடைந்தால் அதை ஊரறியக் கொண்டாடுவது நம்மவர் சம்பிரதாயம். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து குச்சு கட்ட வேண்டும்; பெண்ணுக்குத் தட்டும் டம்ளரும் பாயும் தனி; உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் வேளை தவறாமல் ஊட்டப்படும்; குலத்துக்குக் குலம் மாறும் கணக்கில் ஒன்பதாம் நாளோ பதினாறாம் நாளோ மஞ்சள் நீராட்டும் சீர்வரிசையும் பந்தியும் நடைபெறும். ஒரு பெண்ணின் தேகத்துக்குள் நிகழ்ந்த காரியம் இவ்வாறு ஊர்ச் செய்தியாகிவிடுவதால், அது நிகழாமற் போவதும் ஊர்ச் செய்தியாகிவிடும். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் சடங்கு சுற்றியாகிவிட்டது, இவளுக்கு மாத்திரம் இன்னும் இல்லை என்ற பேச்சு கிணற்றடியில் தொடங்கி வாசற்படி வரை வந்து சேர, பெற்றவள் முதலில் வேப்பமரத்தடிக்கும் பிறகு குறி சொல்பவனிடமும் போவாள். மாதந்தோறும் குறிப்பிட்ட சில நாட்களில் அடிவயிறு பிசைந்து துடித்த பெண்ணுக்குச் சூலை என்று கஷாயமும், காற்று கருப்பு என்று விபூதியும் கிடைத்தன. பருவமே எய்தாதவளைக் குறிக்க இருசி என்ற சொல் இருந்தது. அதை வசவாகவே வழங்கினார்கள்.

பூப்புக்கு முன்பே விவாகம் செய்துவைத்த குடும்பங்களில் சங்கடம் வேறு விதமாக வந்தது. ருதுசாந்தி நடைபெறும் வரை பெண் பிறந்தகத்தில் இருப்பாள். வருஷங்கள் கடந்தும் அந்த நாள் வராவிட்டால் சம்பந்திகள் முகம் திரும்பும். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி மறு ஆண்டு அமலுக்கு வந்ததும், சென்னை மாகாணம் 1949-இல் இருதார மணத்தைத் தடை செய்ததும் வரலாற்றில் வேறு காரணங்களுக்காகப் போற்றப்படுபவை. ஆயினும், இத்தகைய பெண்களில் எத்தனையோ பேரை, பாவம், வாழாவெட்டியாகப் பிறந்தகத்துத் திண்ணையில் உட்கார வைத்த ஒழுங்கின் அடித்தளத்தை ஆட்டிவைத்தவையும் இவ்விரு சட்டங்களே.

இக்குறை சாஸ்திரங்களுக்குத் தெரியாததன்று. சரக சம்ஹிதை யோனி ரோகங்கள் இருபது என்று வகுத்து, அவற்றுள் ஊசிமுனை போன்ற வாயையுடையதைச் சூசீமுகி என்று பெயரிட்டு, தாய் கருவுற்றிருக்கையில் வாதம் கெட்டுச் சிசுவின் அங்கத்தை வறளச் செய்வதால் இது நேர்கிறது என்கிறது. வாதத்தின் மேல் சுமத்திய பழியை இன்றைய விஞ்ஞானம் ஏற்காது. ஆனால் இது பெண்ணின் நடத்தையாலோ தெய்வ கோபத்தாலோ வந்ததன்று, கருவிலேயே விளைந்தது என்ற நிர்ணயம் எவ்வளவு பழமையானது என்பதைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதிய செல்சஸ் இன்னும் ஒரு படி முன்னேறினார். வழியை மூடியிருப்பது மெல்லிய சவ்வாயின் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கீறல்கள் இட்டு அதை நீக்க வேண்டும் என்றும், புளிக்காடியில் தோய்த்த கம்பளி நூலைக் காயத்தில் வைத்துக் கட்டி மூன்றாம் நாள் எடுக்க வேண்டும் என்றும், புண் ஆறத் தொடங்கியதும் மருந்து பூசிய ஈயக்குழல் ஒன்றை உள்ளே செலுத்திவைக்க வேண்டும் என்றும் அவர் விதித்தார். திறந்த வழி தானாகத் திறந்தே இராது, காவல் இன்றேல் மூடிக்கொள்ளும் என்ற உண்மை அந்த ஈயக்குழலில் இருக்கிறது. பின்வந்தவர்கள் அதைப் பலமுறை மறந்து பலமுறை புதிதாகக் கற்றுக்கொண்டார்கள்.

குறையின் தன்மையைச் சற்று விளக்கினாலன்றிச் சிகிச்சையின் சரித்திரம் விளங்காது. கருவின் ஆரம்ப வாரங்களில் இருபுறமும் இரண்டு குழல்கள் தோன்றி, கீழே இறங்கி, நடுவில் ஒன்றாக இணைந்து, கர்ப்பப்பையும் யோனியின் மேற்பாகமும் ஆகின்றன. 1830-ஐ ஒட்டி அவற்றை விவரித்த ஜெர்மானியப் பண்டிதர் யோஹன்னஸ் முல்லரின் பெயரையே அவை தாங்குகின்றன. கீழிருந்து வளரும் திசு அவற்றைச் சந்தித்து, சந்தித்த இடம் உட்புறம் துளைபட்டு, ஒரே பாதையாக வேண்டும். கடைசிச் சவ்வு மாத்திரம் திறவாமல் நின்றால் அது துளையற்ற கன்னித்திரை. பாதையின் நடுவே சுவர் நின்றால் குறுக்குத் தடுப்பு. இரண்டு குழல்களும் இணையாமல் நின்றால் நெடுக்குத் தடுப்பு. குழல்களே வளராவிட்டால் யோனியும் கர்ப்பப்பையும் இராமற் போகும். இக்கடைசி வகை ஏறக்குறைய ஐயாயிரம் பெண்களில் ஒருவருக்கு நேர்கிறது. 1829-இல் மேயர், 1838-இல் ரோகிடான்ஸ்கி, 1910-இல் கூஸ்டர், 1961-இல் ஹவுசர் என்று நால்வர் அதை ஆராய்ந்ததால் நால்வர் பெயராலும் வழங்கப்படுகிறது. இப்பெண்களுக்குச் சினைப்பைகள் செவ்வனே இயங்கும். மார்பும் குரலும் உயரமும் மற்றப் பெண்களைப் போன்றவையே. மாதவிலக்கு ஒன்றே வராது. சிறுநீரகங்களும் அதே காலத்தில் அருகிலேயே உருவாவதால், பலருக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமலோ இடம் மாறியோ இருப்பதுண்டு.

இவற்றுள் அடைப்பு வகைகளே அவசரமானவை. உள்ளே மாதவிலக்கு நிகழ்ந்துகொண்டே இருக்கும். வெளிவர வழி இராது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் வலி ஏறிக்கொண்டே போய், தேங்கிய இரத்தம் மூத்திரப்பையை அழுத்த, ஒருநாள் சிறுநீரே இறங்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவருவார்கள். அங்கு மருத்துவர் பார்க்கும்போது நீலம் பாரித்த சவ்வு ஒன்று புடைத்து நிற்கும். கீறிவிட்டால், கருத்துத் தடித்த பழைய இரத்தம் பாகு போல வடியும். பெண் அன்றிரவே நிம்மதியாகத் தூங்குவாள். மிக எளிய சிகிச்சை இது. ஆயினும், லிஸ்டர் 1867-இல் கிருமிநாசினி முறையை அறிவிப்பதற்கு முன், ஊசியால் குத்தி அரைகுறையாக வடித்துவிட்டு நிறுத்தியதால் தேங்கியது சீழாகி வயிற்றுக்குள் பரவி உயிர் போனதும் உண்டு.

இத்தகைய பெண்ணை நம் நாட்டில் யார் பார்த்திருப்பார்கள்? ஆண் வைத்தியரிடம் காட்டுவதைக் காட்டிலும் மகள் வலியில் துடிப்பதே மேல் என்று கருதிய காலம் அது. சென்னையில் 1844-இல் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டது. பின்னர் எழும்பூர்த் தாய்சேய் நல மருத்துவமனை என்று பெரும் புகழ் பெற்றது அதுவே. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது; அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885-இல் கோஷா பெண்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கி நிற்பது அதுவே. ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் வைத்தியம் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி நிறுவினார். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1912-இல் பட்டம் பெற்று எழும்பூர் ஆஸ்பத்திரியில் பணியேற்றார். அதே ஆஸ்பத்திரியின் முதல் இந்தியத் தலைவராக விளங்கிய ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார், தலைமுறை தலைமுறையாக மாணவர் படித்த மகப்பேற்று நூலை இயற்றினார். பெண் வைத்தியர் ஒருவர் திரை மறைவில் பார்ப்பார் என்ற நம்பிக்கை பிறந்த பிறகே தாய்மார்கள் மகளின் வலியை வாய்விட்டுச் சொல்லத் தலைப்பட்டார்கள். விழுப்புரத்தையும் திருச்சியையும் நேரே இணைத்த ரயில் பாதை 1920-களின் இறுதியில் விருத்தாசலம் வழியாக ஓடத் தொடங்கியது இவ்வகையில் ஓர் அனுகூலம். இங்கே ஏறியவள் எழும்பூரில் இறங்கினால் ஆஸ்பத்திரி சமீபத்திலேயே இருந்தது. தவிர, உறவினர் கண்ணில் படாத தூரத்தில் சிகிச்சை செய்துகொள்வதையே குடும்பங்கள் விரும்பின. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலான ஜிப்மர் 1964-இல் அப்பெயர் பெற்றதும், அண்ணாமலைநகரில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி எழுந்ததும் அத்தூரத்தைக் குறைத்தன.

அடைப்பைத் திறப்பது இவ்வளவு எளிதென்றால், இல்லாத வழியை உண்டாக்குவதே மேல்நாட்டு ரணவைத்தியர்களை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அலைக்கழித்த பிரச்சினை. பாரிஸ் நகரத்து டுபுய்ட்ரென் 1817-இல் மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே வழி பிளக்க முயன்றார். அதே நகரத்து அமுசா 1830-களில் கத்தியை நம்பாமல் விரலால் அழுத்தி அழுத்தி, நாட்கணக்கில் சிறிது சிறிதாக இடம் உண்டாக்கினார். இடம் உண்டாயிற்று, நிலைக்கவில்லை. உட்பூச்சற்ற காயம் ஆறும்போது சுருங்கியே தீரும். நியூயார்க்கில் ராபர்ட் அபே 1898-இல் தோலை மெல்லியதாகச் சீவி ஓர் அச்சின்மேல் போர்த்தி உள்ளே வைத்து அந்தக் குறையை நிவர்த்தித்தார். ஆனால் உலகம் அவரை நாற்பது ஆண்டு மறந்திருந்தது. அமெரிக்காவின் பால்ட்வின் சிறுகுடலின் ஒரு துண்டையே இறக்கி வைத்துத் தைக்கலாம் என்று 1904-இல் முன்மொழிந்தார். குடல் சுருங்காது என்பது மெய்யே, எனினும் வயிற்றைத் திறந்து குடலை வெட்டும் ஆபத்து, எதிர்உயிரி மருந்துகள் இல்லாத அக்காலத்தில், உயிருக்கு அபாயமில்லாத ஒரு குறைக்காக ஏற்கத்தக்கதாக இல்லை. நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ, பானிஸ்டருடன் சேர்ந்து 1938-இல் அபேயின் வழியைப் புதுப்பித்து வெளியிட்ட பிறகே உலகெங்கும் ஒரு பொது முறை நிலைபெற்றது. யுத்தத்தில் முகம் கருகிய விமானிகளுக்குப் புதுமுகம் தந்தவர் என்று பின்னாளில் கொண்டாடப்பட்டவரும் அவரே.

மக்கிண்டோவின் சிறப்பு தோலை ஒட்டியதில் இல்லை. ஒட்டிய தோல் சுருங்கும் காலம் முழுவதும் அச்சை உள்ளேயே இருக்கச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியதில் இருக்கிறது. விருத்தாசலத்துத் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டாம். குழம்பாகக் கரைத்த களிமண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச மண் சுவரோடு படிந்து உருவெடுக்கும். காய்கையில் கொஞ்சம் சுருங்கும். சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது. அந்தச் சுருக்கத்தை முன்னதாகக் கணக்கிடாமல் அச்சுச் செய்தவனுடைய கோப்பை தட்டில் பொருந்தாது. நேரத்துக்கு முன் அச்சைப் பிரித்தவனுடைய பாத்திரம் கோணிப்போகும். மனிதத் தோலும் அந்தப் பிடிவாதமுடையதே. ஒரு வித்தியாசம், மண் இரண்டு நாளில் அடங்கிவிடும், தோல் அடங்க ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகும்.

அந்த ஆறு மாதத்தை நம் ஆஸ்பத்திரிகளில் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கே அதன் பாரம் தெரியும். தொடையிலோ பிருஷ்டத்திலோ சீவிய தோல் அச்சின்மேல் போர்த்தப்பட்டு உள்ளே வைக்கப்படும். அச்சு பெரும்பாலும் கடற்பஞ்சு போன்ற நுரைப்பஞ்சை ஆணுறைக்குள் திணித்து, சிகிச்சை மேஜையிலேயே அளவு பார்த்துக் கட்டியது. ஒரு வாரம் பெண் படுக்கையை விட்டு எழக்கூடாது; சிறுநீருக்குக் குழாய்; மலம் இறுகவோ அடிக்கடி இறங்கவோ கூடாதென்று கஞ்சியும் மோரும். வாரக் கடைசியில் மீண்டும் மயக்கம் கொடுத்து அச்சை எடுத்து, கழுவி, தோல் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் பின் அவளே அச்சை எடுக்கவும், சோப்பு நீரில் கழுவவும், மசகு தடவித் திரும்ப வைக்கவும் கற்க வேண்டும். முதல் சில மாதங்கள் இரவும் பகலும். பிறகு இரவில் மாத்திரம். ஒரு வாரம் சோம்பினால் வழி குறுகும். ஒரு மாதம் நிறுத்தினால் மறுபடியும் கத்தி. இவ்வளவையும் செய்ய வேண்டியவள் பதினேழு வயதுப் பெண். ஒற்றை அறை வீட்டில், பாட்டியும் தம்பியும் உறங்கும் பாயருகில், கதவில்லாத குளியல் மறைப்பில், தான் என்ன செய்கிறாள் என்பது அண்டை அயலுக்குத் தெரியாதபடி செய்ய வேண்டும். சிகிச்சை தோற்றதென்று எழுதப்பட்டவற்றில் எத்தனை ரணவைத்தியரின் தோல்வி, எத்தனை தாழ்ப்பாளில்லாத கதவின் தோல்வி என்று பிரித்துச் சொல்லும் ஏடு எதுவும் கிடையாது.

நம் நாட்டு மருத்துவர்கள் செய்த ஓர் உபகாரத்தை இங்கே குறிக்க வேண்டும். தோல் சீவிய தொடையில் நிரந்தரத் தழும்பு விழும். அதைத் தவிர்க்க, சிசுவைச் சூழ்ந்த பனிக்குடச் சவ்வைப் போர்வையாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் 1930-களிலேயே தோன்றியது. இந்திய மருத்துவரான தால், அம்முறையின் பலன்களை 1984-இல் பிரிட்டிஷ் மகப்பேற்றியல் சஞ்சிகையில் வெளியிட்டார். பிரசவ ஆஸ்பத்திரியில் பனிக்குடத்துக்குப் பஞ்சமில்லை, விலையில்லை, தழும்பில்லை. தானம் செய்யும் தாய்க்குத் தொற்று நோய் இல்லையென்று சோதித்துக்கொள்ள வேண்டியது மாத்திரமே பிற்காலத்தில் சேர்ந்த நிபந்தனை. ஆனால் பனிக்குடமானாலும் தோலானாலும் அச்சின் ஆறு மாதம் மாறவில்லை.

மக்கிண்டோ எழுதிய அதே 1938-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராபர்ட் ஃபிராங்க் என்ற மருத்துவர் கத்தியே வேண்டாம் என்று எழுதினார். படிப்படியாகப் பருமன் கூடிய விரிப்புக் கருவிகளைப் பெண்ணே நாள்தோறும் சிறிது நேரம் அழுத்தி வைத்துவர, இருக்கும் சிறு பள்ளமே மாதங்களில் ஆழமாகும் என்றார். அமுசாவின் விரல் வழி இப்போது நோயாளியின் கைக்கே வந்துவிட்டது. கையால் அழுத்திக்கொண்டிருப்பது அலுப்பும் கூச்சமும் தருவதால், இங்க்ராம் 1981-இல் சைக்கிள் இருக்கை பொருத்திய முக்காலி ஒன்றை அமைத்து, உடுத்திய உடையோடே அமர்ந்து படிக்கவோ எழுதவோ செய்கையில் உடலின் எடையே வேலையைச் செய்யும்படி ஏற்பாடு செய்தார். அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் சங்கம் 2018-இல் வெளியிட்ட கருத்துரை, இம்முறையையே முதற்சிகிச்சை என்றும், முறையாகச் செய்வோரில் நூற்றுக்குத் தொண்ணூறு முதல் தொண்ணூற்றாறு பேருக்கு இது பலிக்கிறது என்றும் கூறுகிறது. ஈயக்குழலைச் சஸ்திரத்துக்குப் பின் வைத்த செல்சஸின் வரிசையில், சஸ்திரம் போய்க் குழல் மாத்திரம் எஞ்சியது போலாயிற்று.

காலத்தைப் பற்றிய கருத்தும் மாறியது. பெண்ணுக்குத் தெரியாமலே, சிறு பிராயத்திலேயே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட வேண்டும், கல்யாணத்துக்கு முந்தின மாதமாவது செய்துவிட வேண்டும் என்று பெற்றோர் அவசரப்படுவது இயற்கை. அடைப்பு வலியைத் தவிர வேறெதுவும் அவசரமில்லை என்பதே இன்றைய நிர்ணயம். கனத்த குறுக்குத் தடுப்புள்ள சிறுமிக்குக்கூட, மாதவிலக்கை மருந்தால் சில காலம் நிறுத்தி வைத்து, விரிப்புக் கருவியைத் தானே கையாளும் பக்குவம் வந்த பிறகு அறுப்பதே நல்லதென்று கற்றார்கள். ஏனெனில் அறுத்த வளையம் சுருங்காமல் காக்க வேண்டியவள் அவளே. தாய் கையைப் பிடித்து இழுத்துவந்த பெண் அந்தக் காவலைச் செய்ய மாட்டாள். தனக்கு என்ன, ஏன், எப்போது என்று தானே கேட்டுத் தீர்மானித்தவள் செய்வாள். ஆகவே சம்மதம் என்பது நியாய விஷயமாக இருப்பதோடு சிகிச்சையின் ஓர் அங்கமாகவும் ஆகிவிட்டது.

தாய்மையைப் பற்றிய கேள்வி இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்பது. அடைப்பு நீங்கியவர்களில் பலர் கருத்தரிக்கிறார்கள். கர்ப்பப்பையே இல்லாதவர்களுக்குச் சினைப்பை இருப்பதால், வாடகைத் தாய் மூலம் தம் சந்ததியைப் பெற இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனைகளோடு இடமளிக்கிறது. சுவீடனில் மாற்றுக் கர்ப்பப்பையில் வளர்ந்த முதற்குழந்தை 2014-இல் பிறந்தது. அதன் தாய் நால்வர் பெயர் கொண்ட அக்குறையோடு பிறந்தவரே. நம் நாட்டில் புனே நகரத்து மருத்துவர்கள் 2017-இல் முதல் கர்ப்பப்பை மாற்று சிகிச்சையைச் செய்தார்கள். மறு ஆண்டு அங்கும் குழந்தை பிறந்தது.

பதினைந்து வயது நிரம்பியும் பருவமடையாத பெண்ணையும், பருவமடையாமலே மாதந்தோறும் வயிற்று வலியால் துடிக்கும் பெண்ணையும் ஒத்திப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது இன்று எல்லாரும் ஒப்பும் விதி. ஸ்கேனும் குரோமோசோம் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் ஜில்லாத் தலைநகரிலேயே நடக்கின்றன. இவ்வூரைப் போன்ற ஊர்களுக்கு இனி வேண்டியது பெரிய சஸ்திர சாலையன்று. பெண்ணிடம் தனியே பேசத் தெரிந்த ஒரு செவிலி, தாழ்ப்பாளுள்ள ஓர் அறை, ஒவ்வொரு மாதமும் அதே முகத்தைக் காட்டும் ஒரு மருத்துவர், மகளின் இரகசியத்தை அவள் அனுமதியின்றி மாமன் வீட்டுக்கும் சொல்லாத பெற்றோர் ஆகிய இந்நான்கும் அமைந்தால் வழி உருவாகாமல் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தியே வேண்டியிராது. இவை அமையாத இடத்தில், எவ்வளவு கைதேர்ந்த ரணவைத்தியர் செய்த வேலையும் அரை வருஷத்தில் மூடிக்கொள்ளும் என்பதை டுபுய்ட்ரென் காலத்திலிருந்து இருநூறு ஆண்டுக் காலம் மறுபடி மறுபடி நிரூபித்திருக்கிறது. இன்னொரு முறை அதை நிரூபிக்க நம் பெண்களை உட்படுத்த வேண்டிய அவசியம் இல்லை.